கைவினையும் இணையச் சந்தையும்: வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு உரிய கூலி கிடைக்குமா?

வேலைக்காக வீட்டை விட்டு வெளியே போக இயலாத ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், தம் கையால் செய்த பொருளை முகம் அறியாத ஒருவருக்கு விற்று வாழ்க்கைக்குப் போதுமான வருமானம் ஈட்ட முடியுமா? இக்கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் மிஷனரிகள், கதர் இயக்கத்தினர், கூட்டுறவாளர்கள், அரசு வாரியங்கள், பெண்ணிய ஆய்வாளர்கள், அண்மைக் காலத்தில் இணைய வணிக நிறுவனங்கள் எனப் பலரும் விடை சொல்லி வந்துள்ளனர். இன்று டெரகோட்டா நகை, பட்டு நூல் வளையல், ஆரி வேலைப்பாடு, வயர் கூடை, குரோஷா பொம்மை, தாம்பூலப் பை போன்றவற்றை இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் விற்கும் தமிழ்நாட்டுப் பெண்களிடம் இந்த விடைகள் அனைத்தும் கலந்த ஒரு நம்பிக்கையாக வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்த நம்பிக்கையைச் சோதிப்பதற்கு முன் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. கைவினை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை உழைப்பு அடங்கியிருக்கிறது. பத்தமடைப் பாய் போல ஓர் ஊரோடும் சமூகத்தோடும் பிணைந்த மரபுத் தொழில் ஒன்று. ஒருவர் தரும் மூலப்பொருளை வாங்கி, இத்தனை உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டில் செய்து கொடுக்கும் கூலிவேலை மற்றொன்று. பொழுதுபோக்காகவோ பயிற்சி வகுப்பிலோ கற்றதைத் தாமே விற்கத் தொடங்கும் சிறுதொழில் மூன்றாவது. இவற்றுள் ஒன்றைப் பார்த்து எழுதிய முடிவை மற்ற இரண்டுக்கும் பொருத்துவதால்தான் இத்துறை எழுத்துகளில் பாதிக் குழப்பம் நேர்கிறது.

இணையத்துக்கு முந்தைய விடைகள்

1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னல் கற்பிக்கப்பட்டது. பின்னியவை ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டன. அடிமை நிலையில் இருந்த மாணவியர் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். வாங்குபவரை ஒருமுறைகூடப் பார்க்காத பெண் ஒருத்தி தன் விரல்களின் உழைப்பால் சட்டபூர்வமான சுதந்திரத்தையே அடைந்தாள் என்ற இந்த வரலாற்றை விடப் பெரிய சான்றை இன்றைய இணைய வணிக விளம்பரம் எதுவும் காட்டிவிட முடியாது. ஆயினும் நூலை வரவழைப்பது, பாணியைத் தேர்ந்தெடுப்பது, தரம் பார்ப்பது, விலை பேசுவது, பணம் வசூலிப்பது ஆகிய அனைத்தையும் அங்கே மிஷனே செய்தது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

அந்த இடத்தில் மிஷனுக்குப் பதிலாக வணிகர் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்தின் நரசாபூர் காட்டியது. அங்கும் மிஷனரிகள் அறிமுகப்படுத்திய குரோஷா லேஸ் பின்னர் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அப்பெண்கள் உலகச் சந்தைக்காக நாள்தோறும் மணிக்கணக்கில் உழைத்தும், வேளாண் கூலிப் பெண்களைவிடக் குறைவாகவே ஈட்டினர் என்று காட்டினார். இதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் சிந்திக்கத் தக்கது: அவர்கள் தொழிலாளிகளாக அல்ல, ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர், அவர்களே தம்மை அவ்வாறு கருதினர், அந்தக் கருத்தே கூலியைத் தாழ்த்தி வைக்கும் கருவியாக இருந்தது.

விடுதலைக்குப் பின் அரசு இந்த இடைநிலைப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1952-இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அதை வழிநடத்திய கமலாதேவி சட்டோபாத்யாய், கைவினைஞருக்கு வேண்டியது பரிவு அல்ல, சந்தையே என்ற கருத்தில் உறுதியாக நின்றார். தமிழ்நாட்டில் 1935-லேயே தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும், 1973-இல் நிறுவப்பட்ட கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகாரும் இதே வழியில் வந்தவை. இவை பல கலைகளை அழியாமல் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், நகரத்து விற்பனைக் கூடத்தின் அலமாரிக்கு ஏற்ற பொருட்களே அங்கு இடம்பெற முடிந்தது. புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. கைவினை வாரியமே 2020 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது.

இடைத்தரகரை நீக்கும் வாதம்

செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிற்பவர்தான் லாபத்தை விழுங்குகிறார், அவரை நீக்கிவிட்டால் அந்தப் பங்கு செய்பவரைச் சேரும் என்பது இணைய காலத்தின் முதன்மையான விடை. இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, கிறிஸ் ஆண்டர்சன் 2004-இல் முன்வைத்த நீண்ட வால் என்னும் கருத்து: கடை அலமாரிக்கு எல்லை உண்டு, இணையத்துக்கு இல்லை, ஆகவே மிகச் சிலர் மட்டுமே விரும்பும் பொருளுக்கும் உலகின் ஏதோ ஒரு மூலையில் வாங்குபவர் கிடைப்பார் என்பது அதன் சாரம். மற்றொன்று, ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட கேரள மீனவர் ஆய்வு. கைப்பேசி வந்த பின் கரைக்குக் கரை இருந்த மீன் விலை வேறுபாடு சுருங்கி, மீனவர் லாபம் உயர்ந்து, மீன் வீணாவது நின்றதை அது காட்டியது. தகவல் கிடைத்தால் வறியவரின் வருமானம் உயரும் என்ற பொதுக் கருத்துக்கு அந்த ஆய்வே பெரிதும் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

ஆனால் மீன் ஒரே மாதிரியான பொருள். கரைக்கு வந்தவுடன் கண்ணால் பார்த்து விலை சொல்லிவிடலாம். கையால் செய்த ஆரி ப்ளவுஸ் அப்படிப்பட்டதன்று. சீனாவில் கிராமங்களுக்கு இணைய வணிகத்தைக் கொண்டு சென்ற திட்டத்தை மூன்று மாகாணங்களில் நூறு கிராமங்களைக் கொண்டு ஆராய்ந்த கூட்டூர், ஃபேபர், கூ, லியூ ஆகியோர், கிராமத்தாருக்குக் கிடைத்த நன்மை பெரும்பாலும் பொருட்களை மலிவாக வாங்குவதில்தான் இருந்தது என்றும், விற்பதன் வழியாக வருமானம் உயர்ந்ததற்குப் போதிய சான்று இல்லை என்றும் 2021-இல் எழுதினர். இணைய விற்பனையால் செழித்த தாவ்பாவ் கிராமங்கள் சீனாவில் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அப்பெயரைப் பெற ஓர் ஊர் ஆண்டுக்கு ஒரு கோடி யுவானுக்கு விற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவை வென்ற ஊர்களின் பட்டியல் மட்டுமே, முயன்ற ஊர்களின் பட்டியல் அல்ல.

இடைத்தரகரின் வேலையை யார் செய்வது?

இதற்கு எதிரான நிலை பொருளியலின் மற்றொரு மரபிலிருந்து வருகிறது. சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு உண்டு என்று ரொனால்டு கோஸ் 1937-இல் வாதிட்டார்; ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அச்செலவில் அடங்கும். பொருளின் தரத்தை வாங்குபவர் முன்கூட்டி அறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல வெளியேறிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடைத்தரகர் வெறும் சுரண்டல்காரராக மட்டும் தெரியமாட்டார். தேடலையும் நம்பகத்தையும் விற்பவராகவும் தெரிவார். அவரை நீக்கலாம், அவர் செய்த வேலையை நீக்க முடியாது.

இணையத்தில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நம்பகத்துக்கான சான்றும் பணப் பரிமாற்றமும் விற்பனைத் தளத்தின் பொறுப்பாகி, அதற்குக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 2005-இல் நியூயார்க்கில் தொடங்கிய எட்சி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கையால் செய்தவற்றுக்கென்றே பிறந்த அத்தளம் 2015-இல் பங்குச் சந்தையில் இறங்கியது. விற்பனைக் கட்டணம் 2018-இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், 2022 ஏப்ரலில் 6.5 ஆகவும் உயர்ந்தது. இரண்டாவது உயர்வை எதிர்த்து ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தம் கடைகளை மூடி வைத்தனர், கட்டணம் குறையவில்லை. முதலாளி இல்லாத தொழில் என்று நம்பி வந்தவர்கள் வேலைநிறுத்தம் என்ற தொழிலாளர் முறையைக் கையாள நேர்ந்தது, அவர்களுடைய உண்மை நிலை என்ன என்பதைப் பற்றிய ஒரு சான்றாகும்.

மீதிப் பாதி வேலை செய்பவரின் தலையிலேயே விழுகிறது. படம் எடுப்பது, ரீல்ஸ் போடுவது, விலை என்ன என்று கேட்டுவிட்டு மறுமொழி சொல்லாமல் போகும் பத்துப் பேருக்குப் பதில் எழுதுவது, அட்டைப்பெட்டி தேடுவது, கூரியர் அலுவலகத்துக்கு நடப்பது, கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பிய பார்சல் திரும்பி வரும்போது இருவழிச் செலவையும் ஏற்பது என்று நீளும் இந்த உழைப்பு எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் படத்தை மட்டும் பகிர்ந்து தம் லாபத்தைச் சேர்த்து விற்கும் ரீசெல்லர்கள் பெருகியிருப்பதும் இதனால்தான். பழைய தரகர் மறையவில்லை, புதிய பெயரில் தேவைப்படுகிறார்.

சட்டமும் இந்தச் சுமையோடு சேர்ந்துகொள்கிறது. விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் நீண்ட காலம் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்பனை உச்சவரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு அளிக்கப்பட்ட தளர்வு மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே உரியது. நாகர்கோவிலில் இருப்பவர் அத்தளர்வைக் கொண்டு எழுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு விற்கலாம், பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்துக்கு விற்க முடியாது. வெளிநாட்டு விற்பனையின் நிலையின்மைக்கு 2025 சான்று. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா நீக்கியது. அதற்குச் சில நாள் முன்பே இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் ஏற்கத் தொடங்கியது. நவராத்திரியை ஒட்டிய விற்பனைக் காலத்தில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களை நம்பிக் கொலு பொம்மையும் தோரணமும் செய்து வைத்திருந்தவருக்கு அந்த ஏழு வாரங்கள் எத்தகையவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

கூலிக் கணக்கு

மேற்கண்ட இரு தரப்பும் சந்தையைப் பற்றிப் பேசுகின்றன. மூன்றாவது தரப்பு நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. வில்லியம் பாமோல் 1960-களில் இசைக் கலைஞர்களை முன்வைத்துக் கூறியது கைவினைக்கும் பொருந்தும்: மற்ற தொழில்களில் எந்திரத்தால் ஒரு பொருளுக்கு ஆகும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, இங்கோ நேரம் குறையாது, ஆகவே ஊதியம் எங்கும் உயர உயர, கைவேலையின் விலை மற்றவற்றை ஒப்பிட உயர்ந்தாக வேண்டும், இல்லையேல் செய்பவரின் கூலி தாழ்ந்தாக வேண்டும்.

ஒரு வயர் கூடையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். எளிய பிஸ்கட் முடிச்சை விடச் சிவன் கண் முடிச்சுக்கு நேரம் அதிகம். நடுத்தர அளவில் ஒரு கூடைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, வயரும் கைப்பிடியும் 220 ரூபாய், விற்பனை விலை கூரியர் உட்பட 650 ரூபாய் எனக் கொண்டால், கூரியருக்கு 80, பொதிவுக்கு 25, தளக் கட்டணமாக 5 விழுக்காடு என்று கழித்த பின் ஏறத்தாழ 292 ரூபாய் மிஞ்சும். படம், பதில், பொதிவு, கூரியர் நடை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் சேர்த்தால் பத்து மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது அவ்வளவே. 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எண்களை மாற்றிப் போடலாம். ஆனால் இக்கணக்கில் கூலி முதலில் எழுதப்படாமல், எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதாகக் கடைசியில் வருகிறது என்ற அமைப்பு மாறுவதில்லை. வீட்டிலிருந்து விற்போருக்கு விலை குறிக்கக் கற்றுத்தரும் வகுப்புகளும் பெரும்பாலும் பொருட்செலவின் மடங்காகவே விலையைச் சொல்லித் தருகின்றன. மணி நேரம் அதில் வருவதில்லை.

இதே சிக்கலைக் கதர் இயக்கம் 1935-இல் நேரடியாகச் சந்தித்தது. நூற்போருக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தரப்பட்டே ஆக வேண்டும் என்று காந்தி வலியுறுத்தினார். கதர் விலை ஏறி விற்பனை சரியும் என்று இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்ற அவருடைய இலக்கு எட்டப்படவில்லை என்றாலும், கூலியை உயர்த்த அகில இந்திய நூற்போர் சங்கம் முடிவெடுத்தது. விலையை முதலில் வைத்துக் கூலியைக் கண்டடைவதா, கூலியை முதலில் வைத்து விலையைக் கண்டடைவதா என்ற அந்த விவாதம் தொண்ணூறு ஆண்டுகளாகியும் தீரவில்லை. அன்று அதை எழுப்ப ஓர் அமைப்பு இருந்தது. இன்று தனித்தனிப் பக்கங்களாகப் பிரிந்து கிடக்கும் விற்பனையாளர்கள் சார்பில் அதை எழுப்ப யாரும் இல்லை என்பதே இக்கட்டுரை முதன்மையாகக் கருதும் வேறுபாடு.

கைவேலை என்ற அடையாளத்தின் மதிப்பு

உயர்ந்த விலையை வாங்குபவர் ஏற்பாரா என்பது அடுத்த கேள்வி. ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஓஸலார் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட சோதனைகளில், கையால் செய்தது என்று சொல்லப்பட்ட பொருளையே மக்கள் கூடுதலாக விரும்பினர்; அதில் செய்தவரின் அன்பு கலந்திருப்பதாக அவர்கள் எண்ணியது ஒரு காரணம். இது நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் அச்சோதனைகளில் மதிப்பைக் கூட்டியது அந்த அடையாளச் சொல். அதை எந்திரப் பொருளின் மீதும் ஒட்டிவிட முடியும். எட்சியே 2013-இல் வெளித் தயாரிப்பாளர்களைப் பயன்படுத்த விற்பனையாளர்களை அனுமதித்தபோது கையால் செய்தது என்பதன் எல்லை தளர்ந்தது.

புவிசார் குறியீடு இதற்கு ஒரு மருந்தாக முன்வைக்கப்படுகிறது. ஒரு பொருளின் தன்மை அது பிறந்த இடத்தால் அமைவதைச் சட்டப்படி அங்கீகரிக்கும் இக்குறியீடு 2003 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, தோடர் பூவேலை, பத்தமடைப் பாய் ஆகியவை அதைப் பெற்றுள்ளன. பத்தமடையில் தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் மெல்லியதாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். உயர்ந்த ரகப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய், வாங்குபவருக்கென்றே செய்யும் இன்றைய கஸ்டமைஸ்டு பொருட்களுக்கெல்லாம் மூத்தது. ஆனால் கைப்பேசித் திரையில் அந்தப் பாயும் விசைத்தறிப் பாயும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும்; மென்மை விரலுக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. மரபுத் தொழிலுக்கு இந்தக் குறியீடு ஓரளவேனும் பாதுகாப்பு. ஊரோடு தொடர்பில்லாத டெரகோட்டா நகைக்கோ வயர் கூடைக்கோ அதுவும் இல்லை.

வீடே பணியிடம்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 2019-இல் உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தனர் என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் மதிப்பிட்டது. அவர்களில் பிறருக்காக வீட்டில் செய்து கொடுப்போருக்கு மற்றத் தொழிலாளர்க்கு நிகரான உரிமை கோரும் அவ்வமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-லேயே நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும் தம் பொருளைத் தாமே விற்கும் இன்ஸ்டாகிராம் விற்பனையாளர் அதன் வரையறைக்குள் வரமாட்டார், ஏனெனில் அவர் தொழில்முனைவோர் என்றே எண்ணப்படுகிறார்.

வீட்டிலிருந்து வேலை என்பது பெண்ணுக்குச் சுதந்திரம் என்ற நிலையை முற்றாக மறுப்பதும் நியாயமாகாது. கைச்செலவுக்குக் கணவரிடம் கேட்க வேண்டாத நிலை, சொந்த வங்கிக் கணக்கில் யூபிஐ வழியாக வந்து விழும் பணம், தன் பெயரில் ஒரு பக்கம் ஆகியவற்றின் மதிப்பைக் கூலிக் கணக்கு அளக்காது. ஆனால் 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர். அந்த ஐந்து மணி நேரம் குறையாமல் அதன் மேல் பத்து மணி நேரக் கூடை ஏறும்போது, மீஸ் நரசாபூரில் கண்ட ஓய்வு நேர வேலை என்ற கற்பிதம் புதிய வடிவில் திரும்புகிறது.

கூட்டு முயற்சியும் தீராதவையும்

தனித்தனியாக விற்பதன் குறைகளுக்குக் கூட்டாக விற்பதே மாற்று என்போர் 1972-இல் இலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கமான சேவாவையும், தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் வேர்விட்ட மகளிர் சுய உதவிக் குழுக்களையும் சுட்டுவர். அவர்களுக்கு வலுவான சான்று எகிப்திலிருந்து வருகிறது. ஃபூவா நகரின் சிறு கம்பள நெசவாளர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வெளிநாட்டு ஆர்டர் பெற்றுத் தந்த சோதனையில், அவர்களின் லாபம் 16 முதல் 26 விழுக்காடு வரை உயர்ந்ததோடு நெசவின் தரமும் உயர்ந்தது என்று ஆட்கின், கண்டேல்வால், உஸ்மான் 2017-இல் எழுதினர். அங்கே பயன் தந்தது இடைத்தரகர் இல்லாமை அன்று; வாங்குபவரின் எதிர்பார்ப்பை நெசவாளரிடம் எடுத்துச் சொல்லி, ஆர்டரைத் தொடர்ந்து கொண்டுவந்த ஒரு நல்ல இடைத்தரகர். இந்தச் சான்றின் குறை, அது முன்பே தொழில் தெரிந்த பட்டறைகளைப் பற்றியது என்பதே. நேற்று வகுப்பில் கற்றுக்கொண்டவருக்கும் இதே பலன் கிட்டுமா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.

கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், இணைய விற்பனை வீட்டிலிருப்பவருக்குத் துணை வருமானம் தரக்கூடும் என்பது ஏற்கத் தக்கது. அதுவே முழுமையான வாழ்வாதாரம் ஆகும் என்பது சிலர் விஷயத்தில் மட்டும் உறுதிப்பட்டிருக்கிறது. அந்தச் சிலர் யார், அவர்கள் வென்றது கைத்திறத்தாலா, முதலீட்டாலா, குடும்பத்தில் வேறொருவரின் நிலையான சம்பளம் கொடுத்த பொறுமையாலா என்பதைப் பிரித்துக் காட்ட, விற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களையும் பின்தொடரும் ஆய்வு தேவை. விற்பனைத் தளங்களே தம்மிடமுள்ள விவரங்களை வெளியிட்டால் இது எளிது. அவற்றை வெளியிடச் செய்யும் சட்டம் எதுவும் இங்கில்லை. சுய உதவிக் குழுக்கள் கடனுக்காகத் திரண்டதைப் போலக் கூலி அளவை வகுப்பதற்காகவும் திரள முடியுமா, ஒரு சிவன் கண் கூடைக்கு இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்று ஓர் ஊரின் பெண்கள் தமக்குள் முடிவு செய்தால் பக்கத்து ஊரின் மலிவு விலை அதை உடைத்துவிடுமா என்ற வினாவுக்கு, 1935-இல் கதர் இயக்கம் பெற்ற பாதி விடைக்கு மேல் இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.